கணப்பைச் சுற்றிப் போட்ட ஜிப்சம் போர்டு கருகுவது குறித்துப் புகார்

அனுப்புநர்: வீட்டு உரிமையாளர், குன்னூர், நீலகிரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், இன்டீரியர் நிறுவனம், கோயம்புத்தூர்.

ஐயா,

போன ஏப்ரலில் எங்கள் பழைய வீட்டின் கூடத்தில் உங்கள் ஆட்கள் வேலை செய்தார்கள். கணப்பைச் சுற்றியிருந்த காரை பொரிந்துபோயிருந்ததால், அதன்மேல் மரச் சட்டம் அடித்து, கணப்பு வாயின் விளிம்புவரை ஜிப்சம் போர்டு, அதாவது இருபுறமும் தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை, போட்டார்கள். "பக்கத்திலேயே விறகு எரியுமே, தாங்குமா?" என்று அன்றைக்கே கேட்டேன். "இது பிங்க் போர்டு சார், ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும்" என்றார் உங்கள் சூப்பர்வைசர். நானும் நம்பிவிட்டேன்.

மார்கழிக் குளிருக்குத் தினமும் மாலையில் நாலைந்து மணி நேரம் சீகை விறகு எரித்தோம். மூன்றாவது வாரமே பெயின்ட் பழுப்பேறியது. அப்புறம் ஒரு கருகல் வாடை. நெருப்பு அணைந்த பிறகும் அது போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வைத்து ஓரத்தில் ஒரு சாண் அறுத்துப் பார்த்தோம். போர்டின் தாள் கருத்திருந்தது, உள்ளே இருந்தது கையில் மாவாக உதிர்ந்தது. பின்னால் இருந்த மரச் சட்டம் ஒரு பக்கம் கரியாகியிருந்தது. எங்கள் அம்மா நாற்காலி போட்டுக் குளிர்காயும் இடம் அதிலிருந்து ஐந்தடிதான். அன்றிலிருந்து கணப்பு மூட்டவில்லை.

சூப்பர்வைசர் சொன்ன ஒரு மணி நேரம், வீடு தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறக் கிடைக்கும் அவகாசம். ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீர். தீ பட்டால் அந்த நீர் ஆவியாகிச் சூட்டைத் தடுக்கும். ஆனால் போன நீர் திரும்ப வராது. தினமும் சூடேறினால் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப் பொடிதான் மிஞ்சும். சுமார் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடாகும் இடத்தில் இதைப் போடக்கூடாது என்று போர்டு தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். நாள்பட்ட சூட்டில் கருகிய மரமோ புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இந்தத் தொழிலில் இருக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் வேலை எடுத்திருக்கக்கூடாது.

கணப்பு வாயைச் சுற்றியும், புகைபோக்கி ஏறும் சுவரிலும் உள்ள போர்டு, மரச் சட்டம் எல்லாவற்றையும் உங்கள் செலவில் கழற்றி, செங்கல் தெரியச் சுரண்டி, சுண்ணாம்புக் காரை பூசித் தர வேண்டும். பலகைதான் வேண்டும் என்றால் இரும்புச் சட்டத்தில், சூட்டைத் தாங்கும் கால்சியம் சிலிகேட் போர்டு போடுங்கள். 15 நாளில் வேலை தொடங்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். அறுத்தெடுத்த துண்டையும் படங்களையும் வைத்திருக்கிறேன்.

மலையில் இன்னும் சில வீடுகளிலும் இதே மாதிரி செய்ததாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். என் வேலைக்கு முன்னால், அந்த வீட்டுக்காரர்களுக்கு இன்றைக்கே போன் செய்து கணப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்