கணவருக்கும் பரிசோதனை உண்டு

ஆசிரியருக்கு,

ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்கு முன் "எதற்கும் லேப்ராஸ்கோபி (வயிற்றில் துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) பார்த்துவிடலாம்" என்று மருத்துவர் சொன்னால் உடனே தலையாட்டுகிறோம். கணவருக்கு விந்தணுப் பரிசோதனை முடிந்ததா என்று கேட்பவர் குறைவு. செலவும் வலியும் குறைந்த அது எங்கள் பக்கத்து வீடுகளில் கடைசியில்தான் நடக்கிறது. (மாமியார்கள் மன்னிக்கவும்.)

கருக்குழாய்களில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரேயை மாதவிலக்கு நின்று சில நாட்களில் எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியே சாய மருந்தைச் செலுத்தினால், திரையில் கர்ப்பப்பை முக்கோணமாகத் தெரியும். இரு குழாய்களிலும் இழையாக ஓடி வயிற்றுக்குள் சாயம் சிதறினால் அடைப்பில்லை. வலியில் குழாய் இறுகினாலும் அடைப்புபோலத் தெரியலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

குழாயைத் தாண்டிக் கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதே ஐவிஎஃப். அப்படியிருக்க, அடைப்பைத் தேடி மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளையிடுவானேன்? குழாயில் நீர் கோத்திருந்தால் கதை வேறு. அது வெற்றி வாய்ப்பைக் குறைக்கும், முதலில் சரிசெய்தாக வேண்டும். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), கட்டி என்று சந்தேகம் இருந்தாலும் லேப்ராஸ்கோபிக்கு நியாயம் உண்டு.

கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபியும் அப்படித்தான். ஸ்கேன் இயல்பாக உள்ள பெண்களுக்கு முதல் ஐவிஎஃப்புக்கு முன் அதை வழக்கமாகச் செய்வதால் குழந்தைப்பேறு கூடவில்லை என்று 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது.

ஒவ்வொரு பரிசோதனையும் எதற்கு, முடிவைப் பொறுத்து சிகிச்சையில் என்ன மாறும் என்பதைக் கட்டண மதிப்பீட்டுத் தாளிலேயே மருத்துவமனைகள் தமிழில் எழுதித் தரட்டும்.

- வாசகி, தஞ்சாவூர்