உன் படகுக்கு எந்தச் சாயம்

ஆயர் தாவார்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் சுகம். நீ லுமுட்டில் பழைய பாய்மரப் படகு வாங்கிவிட்டாய் என்று கேட்டதும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தோட்டத்து வாய்க்காலில் உடைந்த பால் வாளிக்குப் பாய் கட்டி விட்டவர்கள் அல்லவா நாம்!

பாசியும் சிப்பியும் ஒட்டாமல் படகின் அடியில் பூசும் அடிச்சாயம் பற்றிக் கேட்டிருந்தாய். டின் வாங்கும் முன் ஈரத்துணியால் படகின் அடியைத் தேய்த்துப் பார். துணியில் நிறம் ஏறினால் இப்போது இருப்பது கரையும் சாயம். அதன்மேல் கடினச் சாயம் நிற்காது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு நான் அப்படித்தான் அடித்தேன். நான்கே மாதம். படகை மேலே ஏற்றினால், ஒட்டுப்பாலை ரப்பர் மரத்திலிருந்து இழுப்போமே, அதுபோல நீள நீளமாக உரிந்து வந்தது. உரிந்த இடமெல்லாம் கொட்டலசு, படகில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஓட்டுப் பிராணி. விரல் வைத்தால் கிழிக்கும். மூன்று நாள் சுரண்டினேன், இன்னும் மனசு ஆறவில்லை.

இரண்டு வகையிலும் பெரும்பாலும் செம்பு ஆக்சைடுதான் வேலை செய்கிறது. கரையும் சாயம், படகு ஓட ஓட மேல்தோல் தேய்ந்து புதுச் செம்பைக் காட்டும். கரையில் சில மாதம் நின்றாலும் வீரியம் அவ்வளவாகப் போகாது, அடுக்கும் ஏறாது. கடினச் சாயத்தைத் தேய்த்துக் கழுவலாம். ஆனால் வெளியே காயவிட்டால் பலம் குறையும், வருடா வருடம் தடித்துக்கொண்டே போகும். நம் வெதுவெதுப்பான கடலில் பாசி காத்திருக்காது. எனக்குக் கரையும் சாயம்தான் பிடிக்கிறது. முதல் பூச்சு சிவப்பு, அதன்மேல் இரண்டு பூச்சு நீலம் அடி. சிவப்பு எட்டிப் பார்த்தால் மறுபடி அடிக்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். நீர்க்கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் ஒரு பூச்சு கூடுதலாகப் போடு. படகின் உலோகம் அரிக்காமல் இருக்க மாட்டும் துத்தநாகக் கட்டிமேல் மட்டும் சாயம் படக்கூடாது. தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் கால் அலுமினியம் என்றால் செம்புச் சாயம் அதை அரித்துவிடும், அதற்கென்று தனிச் சாயம் உண்டு.

இன்னொன்று, இது முக்கியம். பழைய படகு என்பதால் அடியில் வெள்ளீயக் கலவைச் சாயம் இருக்கலாம். நத்தைகளுக்கும் சிப்பிகளுக்கும் அது செய்த கேட்டைப் பார்த்துத்தான் 2008-இல் உலக ஒப்பந்தம் மூலம் கப்பல்களுக்கு அதைத் தடைசெய்தார்கள். ஆகவே உப்புத்தாளை உலர்வாகப் போடாதே, தண்ணீர் விட்டுத் தேய். மூக்கு மூடி இல்லாமல் தொடவே தொடாதே. தேய்த்து வரும் சாயச் சேற்றைத் துணியில் பிடித்துக் கட்டி வை, ஆற்றில் விடாதே. அந்த ஆற்றில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள்.

கரையும் சாயத்துக்குப் படகு அசைய வேண்டும். கட்டியே போட்டால் பாசி ஏறும். மாதத்தில் எத்தனை நாள் பாய் விரிப்பாய் என்று யோசித்து எழுது. உன் பதில் வந்ததும் உப்புத்தாளோடு நானே பஸ் ஏறி வருகிறேன்.

உன் தோட்டத்து நண்பன்