ரெண்டு துண்டு லாடம்

பாம்பன்,
ஐப்பசி 20

அன்புள்ள தாயிக்கு,

அன்றைக்குப் போனில், "தீவிர இடதும் தீவிர வலதும் ஒண்ணுதான்ப்பா, குதிரை லாடத்தோட ரெண்டு முனை மாதிரி கிட்டக் கிட்ட வந்துடும்" என்றாய். அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அந்த உவமை பிரெஞ்சுக்காரர் ழான் பியர் ஃபாய் சொன்னது என்பார்கள்.

முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். சித்தப்பா சிவப்பு, உன் மாமா காவி. போன தேர்தலில் இருவரும் தனித்தனியாகப் போய், "அந்தப் பேப்பரை ஏன் போடுறே? நீ எந்தப் பக்கம்?" என்று டீக்கடைக்காரரிடம் எகிறினார்கள். விரலை ஆட்டுவதுகூட ஒரே அச்சு! பாவம் அந்த மனிதர், இரண்டு பேப்பரையும் நிறுத்திவிட்டார். இப்போது கடையில் படிக்க நாள்காட்டி மட்டும்தான்.

ஆனால், சித்தப்பா கேட்பது கூலி. மாமா கேட்பது கோயில். அதை எப்படி ஒன்று என்பது?

1932 நவம்பரில் பெர்லின் போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் ஹிட்லரின் நாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் நின்றார்கள். லாடக்காரர்கள் அதோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த மார்ச்சில் நாஜிகள் டாஹாவ் வதைமுகாமைத் திறந்து அடைத்தவர்களில் பலர் அதே கம்யூனிஸ்டுகள். 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டார்கள். 1941-ல் ஹிட்லரின் படை ரஷ்யாவுக்குள் புகுந்தது. இங்கேயும் 1989-ல் வி.பி.சிங் அரசை பாஜகவும் இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கினார்கள். இருவருக்கும் காங்கிரஸ் வேண்டாம். வேண்டாதது ஒன்று என்றால் வேண்டியதும் ஒன்றாகிவிடுமா?

இங்கே வாடை தொடங்கிவிட்டது. வடகடல் குமுறுகிறது, தென்கடல் குளமாகக் கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் இது அப்படியே மாறும். பாலத்தில் நின்று படம் எடுக்கிறவருக்கு அலை எல்லாம் அலைதான். வலை போடுகிறவருக்கு வடக்கே சேறு, தெற்கே பார், அதாவது கடலடிப் பாறை. சேற்று வலையைப் பார்மேல் விட்டால் கந்தலாகத்தான் திரும்பும்.

நேற்று டீக்கடைக்காரரிடம் உன் லாடத்தைச் சொன்னேன். ஒரு காலத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். "குதிரைக்குத்தாண்ணே ஒரே வளைவு. நம்ம மாட்டுக்குக் குளம்பு பிளந்திருக்கும், ஒரு காலுக்கு ரெண்டு துண்டு அடிக்கணும்" என்றார்.

பொங்கலுக்குச் சித்தப்பாவும் மாமாவும் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா நண்டு வைக்கிறாளாம். நீ நடுவில் உட்கார்ந்துகொள், எனக்கு வயதாகிவிட்டது.

அன்புடன்,
அப்பா