திருவலையும் திரைக்கதையும்

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு முறை வாசித்தேன். போரால் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு குடும்பம் வீட்டை விட்டு வெளிக்கிடும் காட்சியில், தாய் கடைசியாகச் சுவிச்சை அணைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். 1990 இலேயே குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோய்விட்டது, பிள்ளை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்தினோம். அந்த வெளிச்சத்தில் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கண்கலங்கியிருக்க வழியில்லை.

நீ கேட்டபடி பக்கத்து வளவு மாமியிடம் போனேன். "அன்று உங்கள் மனநிலை எப்படி இருந்தது?" என்ற உன் முதற் கேள்வியைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய வசனங்களையே சொல்லத் தொடங்கினார். தாளை மடித்து வைத்துவிட்டு, சைக்கிள் கரியரில் என்ன கட்டினீர்கள் என்று கேட்டேன். "தேங்காய் திருவலை" என்றார். காணி உறுதி அலுமாரியில் கிடக்க, கைக்கு அகப்பட்ட திருவலையைக் கட்டிக்கொண்டு, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் அடியடியாக நகர்ந்ததையும், அதன் பல்லு பின்னால் வந்த ஒருத்தியின் சேலையைக் கிழித்ததையும், அதற்காக விடியும்வரை வாங்கிய பேச்சையும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு உன் திரைக்கதையில் ஓரிடத்திலும் இல்லை.

குரலைப் பதிவு செய்த கைபேசியை அணைத்த பிறகு இன்னொன்றும் சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி 1966 இல் வெளிவந்த 'அல்ஜியர்ஸ் போர்' படத்தில் சாதி யாசெஃப் என்ற போராளித் தலைவர், தான் வாழ்ந்த வாழ்க்கையையே வேறு பெயரில் நடித்தார் என்பாய். அவர் தன் கதையைத் தானே விரும்பிக் கொடுத்தவர். படத் தயாரிப்பிலும் பங்கெடுத்தவர். மாமி அப்படிக் கொடுக்கவில்லை. பெயரையும் ஊரையும் மாற்றினாலும் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு முதற் காட்சியிலேயே விளங்கிவிடும்.

திருவலையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை வேண்டுமானால் ஓர் ஆணின் சைக்கிளில் கட்டு. பாலத்தையும் மழையையும் மாற்றாதே. நீ வரும்போது முதல் நாள் தேத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வா, ரெக்கோர்டர் பையிலேயே இருக்கட்டும். படத்தில் தன் திருவலையையே காட்டுவதென்றால், பல்லைத் தீட்டித் தருவாராம்.

அன்புடன்,
அப்பா