அடிபட்ட தாய் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் குழந்தைகள் நலச் சட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசிக் கட்டுரையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், பிள்ளைகள் கண்ணெதிரே அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருக்கும் தாயும் பிள்ளைகளைப் புறக்கணித்தவள்தான், அங்கே சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று முடித்திருக்கிறீர்கள். நான் இருக்கும் நியூயார்க் மாநிலத்தில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஊரில் இருந்த காலம் முதல் உங்கள் இதழைப் படித்து வருகிறவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நிக்கல்சன் வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே என்பதுதான் என் வருத்தம். 1999 ஜனவரியில் நியூயார்க் நகரின் புரூக்ளினில் நிக்கல்சன் என்ற, இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், உறவு இனி வேண்டாம் என்று சொன்னதற்காகக் கைக்குழந்தையின் தகப்பனிடம் அடிபட்டார். கை உடைந்தது, விலா எலும்பு முறிந்தது, தலையிலும் காயம். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். குழந்தை வேறொரு அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவரே அவசர உதவி எண் 911-ஐ அழைத்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினார். இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்துவிட முடியும்? அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நகரக் குழந்தைகள் நலத் துறை பிள்ளைகளைக் கொண்டுபோய் முன்பின் தெரியாதவர்கள் பராமரிப்பில் விட்டது. குடும்ப வன்முறையில் ஈடுபட்டார் என்று அடிபட்டவர் மேலும் புறக்கணிப்புக் குற்றச்சாட்டு. பிள்ளைகள் திரும்பி வர 21 நாள் ஆனது.

இப்படிப் பல தாய்மார் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2002-இல் மத்திய நீதிமன்ற நீதிபதி ஜாக் வைன்ஸ்டீன் எழுதிய தீர்ப்பில் என்னால் மறக்க முடியாத ஓர் இடம் உண்டு. பிள்ளைகளை எடுத்துப் போன பிறகு சில நாள் கோர்ட்டுக்குப் போகாமல் காத்திருப்பது வழக்கம்தான் என்று அந்தத் துறை ஊழியரே சாட்சி சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைப் பிரிந்து சில நாள் இருந்தால் தாய் எந்த நிபந்தனைக்கும் சம்மதித்துவிடுவாளாம். இதைப் படித்த பிறகும் புறக்கணிப்பு யாருடையது என்று என்னால் சந்தேகப்பட முடியவில்லை.

2004 அக்டோபரில் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் தலைமை நீதிபதி ஜூடித் கேய் எழுதிய தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தை வன்முறையைப் பார்த்தது என்பதை மட்டும் வைத்துத் தாயைப் புறக்கணித்தவள் என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு உண்மையிலேயே பாதிப்பு உண்டாகியிருக்க வேண்டும், அல்லது உடனடியாக உண்டாகும் ஆபத்து இருக்க வேண்டும். அந்தப் பாதிப்பும் தாய் குறைந்தபட்ச அக்கறை கூடக் காட்டாததால் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். அதைக் கணக்கிடும்போது வீட்டை விட்டுப் போனால் என்ன ஆபத்து, போகாவிட்டால் என்ன ஆபத்து, அரசாங்கத்திடம் உதவி கேட்டால் என்ன ஆபத்து, அவள் கையில் என்ன வசதி இருக்கிறது என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். குழந்தையைப் பிரித்து எடுப்பதால் வரும் கேட்டையும் எடை போட வேண்டும். சில வழக்குகளில் தாய் மேலும் புறக்கணிப்பு நிரூபணம் ஆகலாம் என்று அதே தீர்ப்பு சொல்வதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. உங்கள் கட்டுரை எல்லாத் தாய்மாரையும் ஒரே வரியில் தண்டித்துவிட்டது.

இதெல்லாம் ஏட்டில் படித்த விஷயமாக மட்டும் இருந்தால் இத்தனை கோபம் வந்திருக்காது. அந்தத் தீர்ப்பு வந்து சில வருஷம் கழித்து, இந்த மாநிலத்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் என் வீட்டுக் கதவையும் குழந்தைகள் நலத் துறையிலிருந்து ஒருவர் வந்து தட்டினார். என் மகள் பள்ளிக்கூடத்தில் ஏதோ சொல்லியிருக்கிறாள். சந்தேகம் வந்தால் ஆசிரியர்கள் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். வந்த அம்மையார் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். போனில் கூப்பிட்ட மொழிபெயர்ப்பாளர் இந்தி பேசினார். எனக்கு இந்தி தெரியாது. அப்புறம் என் சார்பில் பேசியது யார் தெரியுமா? என்னை அடித்தவரேதான். நீங்கள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்று என்னைக் கேட்டார்கள். நான் இருந்தது, கணவரின் வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில். 2015-க்கு முன்னால் அந்த விசாவில் இருந்த மனைவிகளுக்கு வேலை பார்க்க அனுமதியே கிடையாது. கையில் காசு இல்லை, கார் ஓட்டத் தெரியாது, வெளியே முழங்கால் அளவு பனி. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது?

பிள்ளையை எடுக்கவில்லை, அதுவரை நிம்மதி. ஆனால் குழந்தைகளைப் புறக்கணித்ததாகப் புகார் வந்தவர்களைக் குறித்து வைக்கும் மாநிலப் பதிவேட்டில் அடித்தவர் பெயரோடு என் பெயரும் ஏறியது. புறக்கணிப்புப் பதிவு வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு 28 வயது ஆகும்வரை இருக்கக்கூடியது. பின்னால் விவாகரத்து ஆகி, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பதிவுதான் முன்னால் வந்து நின்றது. 2022 ஜனவரியிலிருந்து இப்படிப் பெயரைப் பதியச் சான்று கூடுதலாக வேண்டும், வேலை கொடுப்பவர்களுக்கு 8 வருஷத்துக்குப் பிறகு அது தெரியாது என்று மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர்களுக்கு நன்றி. எனக்கு அது காலம் கடந்து வந்தது.

வன்முறையைப் பார்க்கிற குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவே இல்லை. பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் அப்பா அம்மாவை அடித்ததைத் தெருவே பார்த்தது. அம்மா ஸ்டேஷனுக்குப் போனால், குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் எங்களைத் தாங்கிய ஒரே ஆள் அம்மா. அவரையும் யாராவது எங்களிடமிருந்து பிரித்திருந்தால் என் தம்பியும் நானும் என்ன ஆகியிருப்போம் என்று நினைக்கவே முடியவில்லை. இந்தியாவின் 2005-ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண்ணிடமே பிள்ளைகளைத் தற்காலிகமாக ஒப்படைக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதையாவது உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஆலோசனைப் பகுதியில், கணவரிடம் அடிபடும் பெண் ஒருவருக்கு, பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்கள் என்று பதில் எழுதியிருந்தீர்கள். அதை நானும் படித்தேன், பொறுத்தும் போனேன். இங்குள்ள நம் பெரியவர்களும் எனக்கு அதையேதான் சொன்னார்கள். இன்று அதே இதழ், ஏன் அந்த வீட்டில் இருந்தாய், நீயும் குற்றவாளி என்கிறது. நாங்கள் எதைக் கேட்டு நடப்பது?

உங்களுக்கு அமெரிக்காவிலும் எத்தனையோ வாசகிகள். அவர்களில் ஒருத்தி இந்த வரியைப் படித்துவிட்டு, போலீஸைக் கூப்பிட்டால் பிள்ளை போய்விடும் என்று போனைக் கீழே வைத்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். அவளை மிரட்ட வீட்டில் இருக்கிறவருக்கும் அந்த வரி போதும்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், நிக்கல்சன் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலும் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். கூடவே நியூயார்க் மாநிலக் குடும்ப வன்முறை உதவி எண் 800-942-6906, 24 மணி நேரமும் பேசலாம் என்று ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். நியூயார்க் நகரில் தெற்காசியப் பெண்களுக்காக 1989 முதல் இயங்கும் சகி அமைப்பின் பெயரையும் சேர்த்தால் உதவியாக இருக்கும். என் மகளை உத்தேசித்து, என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி,
நியூயார்க் மாநிலம்