துருக்கி விட்டுப்போன கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைபலம்தான் அமைதிக்குக் காவல் என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடிதான் அதன் முதல் சான்று: கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுவியது, அதன் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை வழிமறித்தது, சோவியத் தலைவர் குருஷேவ் பணிந்தார். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் நானும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிக் கதை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த அக்டோபர் 27 மாலை அமெரிக்க அதிபர் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினை ரகசியமாகச் சந்தித்தார். கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகள் போனால், துருக்கியில் உள்ள அமெரிக்காவின் ஜூபிடர் அணு ஏவுகணைகளும் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் இது வெளியே வரக் கூடாது என்றார். 1963 ஏப்ரலுக்குள் அவை அகற்றப்பட்டன. கப்பல்களை உலகமே பார்த்தது. இந்தப் பேரம் மட்டும் பெட்டிக்குள் போனது. ராபர்ட் கென்னடியின் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பித்த, அதிபர் கென்னடியின் ஆலோசகராக இருந்த சோரன்சன், அதிலிருந்து இந்தப் பேரத்தைத் தாமே நீக்கியதாக 1989இல் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டு மாணவர்களுக்கு நான் தவறாகச் சொன்னதில் அவருக்கும் பங்குண்டு!

கப்பல்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடல்முற்றுகைதான் பேசுவதற்கு அவகாசம் வாங்கிக்கொடுத்தது. ஆனால் அதே படைகள்தான் காரியத்தைக் கெடுக்கவும் பார்த்தன. 27ஆம் தேதி கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானத்தைச் சுட்டு வீழ்த்தும்படி மாஸ்கோ உத்தரவிடவில்லை. அங்கிருந்த தளபதிகளே முடிவெடுத்தார்கள். அதே நாளில் அமெரிக்கக் கப்பல்கள் ஒரு சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவழைக்கக் கடலுக்குள் வெடிகளைப் போட்டன. அதற்குள் அணு டார்பிடோ இருந்தது அவர்களுக்குத் தெரியாது. வாஷிங்டனிலோ கூட்டுப்படைத் தளபதிகள் கியூபாவைத் தாக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பேச்சுக்கு இருந்த வசதி என்ன தெரியுமா? தூதரகத்தின் சங்கேதத் தந்திகளை வாங்கிப்போகச் சைக்கிளில் ஒரு பையன் வருவான் என்று தோப்ரினின் பின்னாளில் எழுதியிருக்கிறார். வழியில் எங்கும் நின்றுவிடாமல் அவன் நேரே தந்தி அலுவலகம் போய்ச் சேர வேண்டுமே என்பது அவர் கவலை. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தந்தி இணைப்பு அமைக்க இரு நாடுகளும் உடன்பட்டது 1963 ஜூனில்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் கட்டுரையாளர் துருக்கிக்கும் ஒரு பத்தி ஒதுக்குவார் என்று எதிர்பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்.