பிற்பகலில் வந்து சென்ற ஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருவொற்றியூரில் இரவுதோறும் வீசும் நெடி குறித்து எங்கள் தெருவாசிகள் கொடுத்த புகாருக்கு, ஆய்வில் துர்நாற்றம் ஏதும் உணரப்படவில்லை, ஆகவே பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை என்று தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. உணரப்படவில்லை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அதிலிருந்து அச்சம் வேண்டாம் என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

தங்கள் குழு வந்தது பிற்பகலில். அந்நேரத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசி, எங்களுக்கு மேற்கில் ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்துப் புகையை இன்னும் மேற்கே தள்ளிவிடும். இரவில் காற்று திரும்பிய பிறகே நெடி எங்கள் வீடுகளுக்குள் நுழைகிறது என்பதைக் கடலுக்குப் போகும் எவரும் சொல்வார். நெடி வர வாய்ப்பில்லாத நேரத்தில் வந்து, நெடி இல்லை என்று எழுதிச் செல்வது எதற்கும் சான்றாகாது. இரவில் வந்து அளந்து பாருங்கள்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு ஆஸ்துமா. சித்திரை வெக்கையிலும் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகிவிட்டு, இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி விடியும்வரை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தங்கள் பதிலைப் படித்துக் காட்டியபோது, "ராத்திரில வந்தாங்களாமா?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் அச்சம் வீண் என்றால் தங்களுக்கு ஓர் இரவின் தூக்கம் போகும். தங்கள் ஆறுதல் வீண் என்றால் அவருடைய மூச்சு போகும். இந்த ஏற்றத்தாழ்வை எண்ணிப் பாராத முடிவில் விவேகமும் இல்லை, அறமும் இல்லை. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், அறிவியல் உறுதி போதவில்லை என்று காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது என்றும், தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோரையே சாரும் என்றும் உச்ச நீதிமன்றம் 1996-லேயே கூறியிருப்பது தாங்கள் அறியாததன்று. இங்கோ, மெய்ப்பிக்கும் பொறுப்பு எங்கள் மூக்கின்மீது சுமத்தப்பட்டிருக்கிறது.

2023 டிசம்பரில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததும் நள்ளிரவை ஒட்டித்தான். வாயுக்கள் அலுவலக நேரத்தில் மட்டுமே கசிய வேண்டும் என்று ஓர் அரசாணை பிறப்பித்துவிட்டால், எங்களுக்கு மடல் எழுதும் வேலையும் தங்களுக்குப் பதில் எழுதும் வேலையும் மிச்சம்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே கருவிகளுடன் வந்து அளவெடுக்குமாறும், அளந்த நேரம், காற்றின் திசை, அளந்த வாயுக்கள், அளக்காமல் விட்டவை ஆகியவற்றை அடுத்த பதிலில் குறிப்பிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கருவி வைக்க மொட்டைமாடியும் மின் இணைப்பும் நாங்களே தருகிறோம்.

இப்படிக்கு,
திருவொற்றியூர்த் தெருவாசிகள் சார்பில் ஒருவர்